கரை இருக்குதா, கண்ணு?

என் பிரியமுள்ள ஜைத்தூனக்காவுக்கு,

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் நீங்கள் போனில் "ஹலோ" சொன்னதே கிடையாது. எடுத்த எடுப்பில் "கரை இருக்குதா, கண்ணு?" என்பீர்கள். "இருக்குதுங்க அக்கா" என்று நான் சொன்ன பிறகுதான் உங்களுக்கு மூச்சே வரும். "சரி, சோறு தின்னியா?" என்பது அதற்கு அப்புறம். கரை முதலில், சோறு இரண்டாவது. இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

இப்போதும் கரையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறுக்கே பேசாமல் நான் சொல்வதை நீங்கள் முழுசாகக் கேட்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சேந்தமங்கலத்தில் சாக்குக் கடை வைத்திருந்தவர் நீங்கள். சந்தை நாளில் சாக்குக் கட்டோடு பஸ் ஏறி, மலை மேல் எங்கள் சோளக்காட்டுக்கு வருவீர்கள். லக்கேஜ் டிக்கெட்டுக்காகக் கண்டக்டரோடு ஏறும்போது தொடங்கிய சண்டை, இறங்கும்போதும் முடிந்திருக்காது. பால்வாடி டீச்சரான நான், என் ஒரு துண்டுக் காட்டில் விளைந்த குச்சிக்கிழங்குக்குச் சாக்கு வாங்க வந்து, உங்களிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள். அதற்கப்புறம் சாக்கு தேவைப்படாத வாரங்களிலும் வந்தேன். உங்கள் போனில் என் பெயர் பாப்பாத்தி இல்லை, 'மலைத் தங்கச்சி'.

என் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கோடையில் அதில் கோழி நடந்து போகும். ஐப்பசியில் அதே ஓடை ஆளை அடித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு மழைக்கும் கரையில் ஒரு வாய் மண்ணைத் தின்றுவிட்டுத்தான் அடங்கும். கல் அடுக்கிப் பார்த்தேன், கல்லோடு போனது. பக்கத்துக் காட்டு ராமசாமியண்ணன் தன் பங்குக்குச் சிமெண்டுச் சுவர் எழுப்பினார். தண்ணீர் அடி மண்ணை அரித்து, சுவரை முழுசாகக் குப்புறத் தள்ளிவிட்டது. போன வருஷம் என் சமையல்கட்டுக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு கட்டில் போடுகிற இடம்தான் மிச்சம்.

திருப்பூரில் இருக்கிற என் மகள் மலர் அப்போது வந்து பார்த்துவிட்டு அழுதாள். "இன்னொரு மழைக்கு இந்த ஊடு தாங்காதும்மா. அப்பாவும் இல்ல. இங்க உனக்கு யாரு இருக்கறா?" என்றாள். "ஜைத்தூனக்கா இருக்காங்க" என்றேன். "அவங்க மலைக்குக் கீழ இருக்கறாங்க" என்றாள். அடுத்த மழையில் கரை போனால் பேச்சில்லாமல் அவளோடு வந்துவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அவளுடைய தகரக் கூரை அறையில், அவர்கள் நாலு பேருக்கு நடுவில், எனக்கு எங்கே பாய் விரிப்பது? அதை நான் கேட்கவில்லை. உங்களிடம் மட்டும் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கந்தூரித் திருவிழாவுக்கு நாகூர் போனீர்கள். நான் பால்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தால் ஒரே இரைச்சல். "இதக் கேளு கண்ணு" என்று போனைக் கடல் பக்கம் நீட்டியிருந்தீர்கள். இந்த வயது வரை கடலைப் பார்க்காதவள் நான். முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று கேட்டேன்.

"இங்க கடல் கரையத் திங்குது புள்ள" என்றீர்கள். "கறுப்புத் துணிய விரிச்சு, அதுக்கு மேல ஆளு ஒசரத்துப் பையில மணல ரொப்பி அடுக்கியிருக்கறாங்க. துணியக் கிள்ளிப் பாத்தேன். நம்ம சாக்கு இல்ல இது. தண்ணி ஊத்துனா தண்ணி மட்டும் போகுது, மண்ணு நின்னுக்குது. இட்லித் துணியாட்டம். செவுருன்னா தண்ணி முட்டித் தள்ளும். இதுல முட்டறதுக்கு ஒண்ணுமில்ல. உன்ற ஓடைக்கு இதுதான் மருந்து."

கூடவே இன்னொன்றும் சொன்னீர்கள். அதை நீங்கள் மறந்திருந்தாலும் நான் மறக்க மாட்டேன். "ஆனா ஒண்ணு கண்ணு, மூட்டை கட்டத் தெரியாத பசங்க. அத்தனை பையும் தொளதொளன்னு கெடக்குது. நாமளா இருந்தா கிண்ணுனு ரொப்பியிருக்க மாட்டோம்?"

ஊர் திரும்பியதும் உங்கள் மகன் சாதிக்கை விரட்டி விரட்டி அந்தப் பைகளையும் துணியையும் வரவழைத்தீர்கள். மாசியில் கட்டு வந்து இறங்கிவிட்டது. "எனக்கு இந்த முட்டிவலி கொறையட்டும், நானே மலைக்குக் கொண்டாந்து ரொப்பித் தாரேன்" என்றீர்கள். நானும் சரி என்றேன். அவசரம் என்ன, மழைக்குத்தான் நாள் இருக்கிறதே என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

பங்குனியில் ஒரு காலை சாதிக் போன் செய்தான். "அம்மா மௌத்தாயிட்டாங்க டீச்சரம்மா" என்றான். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசல் வரைதான் போனார்களாம். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றான். நான் ஏறிய பஸ் மலை இறங்கும் வழியில் ஒரு வளைவில் லாரிக்குப் பின்னால் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. இறங்கி நடந்தும் பார்த்தேன். நான் வந்து சேர்ந்தபோது ஆண்கள் கபர்ஸ்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை அக்கா. கடை மூலையில் என் கறுப்புப் பைக் கட்டைத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் என் போன் ஊமையாகிவிட்டது. மலர் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், மற்ற நாள் கம்பெனிக்காரர்கள் லோன் வேண்டுமா என்று கேட்பார்கள். கோடை மழை இரண்டு பெய்தது. இடி இடித்தால் கை தானாகப் போனை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும். பிறகு ஞாபகம் வந்து திரும்ப வைத்துவிடுவேன். தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். நான் இருக்கிறேனா என்று கேட்க ஆளில்லாமல் இருப்பதுதான் பழக்கமில்லை.

ஆடியில் சாதிக் அந்தப் பைக் கட்டை வேனில் போட்டுக்கொண்டு வந்தான். "அம்மா உங்களுக்குன்னு எடுத்து வெச்சதுங்க" என்று இறக்கி வைத்துவிட்டு, காபி குடிக்காமல் போய்விட்டான். கண் கலங்கியதை நான் பார்த்துவிடக் கூடாது என்று போயிருப்பான்.

ராமசாமியண்ணனும் சுற்றுக் காட்டுக்காரர்களும் வேலைக்கு வந்தார்கள். எங்கள் ஆட்கள் மூட்டை கட்டுகிற அழகு உங்களுக்குத் தெரியாததா? உலுக்கி, மிதித்து, தடியால் குத்தி, கோணூசி போட்டுத் தைத்தால் சாக்கு கல்லாட்டம் நிற்க வேண்டும். லோடு ஏற்றும்போது தொளதொளத்த மூட்டையைப் பார்த்தால் லாரிக்காரர் முகம் சுளிப்பார், மலைக்காரருக்கு மானம் போய்விடும். அதே வீறாப்போடு கறுப்புப் பைகளையும் ரொப்பினார்கள். "டீச்சர், தட்டிப் பாருங்க, பூசணிக்காயாட்டம் இருக்குது" என்றார் அண்ணன். நீங்கள் நாகூரில் சொன்னதை நானும் பெருமையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம்.

ஆவணியில் ஒரு பகல் மழைதான் பெய்தது. பைகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு ஓடையில் போயின. ஒன்று கீழ்க்காட்டு நெல் வயலில் போய் உட்கார்ந்துகொண்டது. "பூசணிக்காயாட்டமே உருண்டுருச்சுங்க" என்று அண்ணன் தலையைச் சொறிந்தார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குள் போய்ப் புடவைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். மலருக்குப் போன் செய்யத்தான் எடுத்தேன். விரல் உங்கள் நம்பரை அழுத்திவிட்டது. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. இரண்டு மொழியிலும் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை இப்படி நடு ஓடையில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே என்று உங்கள் மேல் கோபம்தான் வந்தது. வாய்விட்டுத் திட்டவும் செய்தேன்.

மழை விட்டதும் மிச்சத்தைப் பார்க்க வெளியே வந்தேன். கரையில் ஒரே ஒரு பை மட்டும் இருந்தது. மண் பற்றாமல் முக்கால் வாசியோடு அண்ணன் வேண்டாவெறுப்பாகத் தைத்துப் போட்ட பை அது. அவமானம் என்று அதைக் கரையின் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள், நான் உட்கார்ந்து டீ குடிக்கப் பயன்பட்டது. அது பள்ளத்தில் பள்ளமாக, மேட்டில் மேடாக, படுத்த எருமை போல மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. அதற்குப் பின்னால் இருந்த கரை அப்படியே இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இறுக்கி ரொப்பிய பை உருளும். இடம் விட்டுக் கட்டிய பை படியும், பக்கத்துப் பையோடும் பிணைந்துகொள்ளும். கடற்கரையில் அந்தப் பசங்கள் தெரிந்துதான் தொளதொளவென்று கட்டியிருக்கிறார்கள். ஆயுசு முழுக்கச் சாக்கு விற்ற நீங்களும், மூட்டை கட்டிப் பழகிய நாங்களும்தான் அது தெரியாமல் சிரித்திருக்கிறோம்.

நீங்கள் சொன்னது தப்பு அக்கா. நமக்குள் நடந்த எத்தனையோ வாக்குவாதத்தில் நான் ஜெயித்தது இது ஒன்றுதான். ஒத்துக்கொண்டிருப்பீர்களா? "நா எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று ஒரே போடாகப் போட்டிருப்பீர்கள். அதைக் கேட்கத்தான் ஆசையாக இருக்கிறது. எதிரே மறுத்துப் பேச ஆளில்லாத ஜெயத்தை நான் என்ன செய்வது?

புரட்டாசியில் உருண்டு போனவற்றை எல்லாம் தேடி எடுத்து, தையலைப் பிரித்து மண்ணைக் குறைத்தோம். "அரைகுறையாக் கட்டுனா ஊரு சிரிக்குமுங்க டீச்சர்" என்றார் அண்ணன். "சிரிக்கட்டுமுங்கண்ணா" என்றேன். கரைச் சரிவில் துணியை விரித்து, அதன் மேல் பைகளைச் செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி அடுக்கினோம். வெயில் பட்டால் நைந்துபோகும் என்று சாதிக் சொன்னதால் மேலே மண் போட்டுப் புல் நட்டோம். மீந்த துணியில் அண்ணன் வீட்டம்மா மிளகு காயப்போட்டிருக்கிறார். சீக்கிரம் காய்கிறதாம், எந்தக் கடையில் கிடைக்கும் என்று சோளக்காட்டில் கேட்கிறார்களாம். நீங்கள் இருந்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஒரு கட்டு ஏறியிருக்கும்.

ஐப்பசி மழை போன வாரம் வந்தது. பகலிலேயே இருட்டிக்கொண்டு கொட்டியது. சமையல்கட்டுக் கதவைத் திறந்து வைத்து, நிலைப்படியில் உட்கார்ந்து ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடித்த புடவைகள் பைக்குள்ளேயே இருந்தன. செம்மண் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. எங்கிருந்தோ ஒரு பலாமரத் துண்டு வந்து மூட்டைகள் மேல் மோதியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அடிபட்ட பை குழிந்திருந்தது, ஆனால் நகரவில்லை. மரம் திரும்பிக்கொண்டு தன் வழியில் போனது.

தண்ணீர் வடிந்ததும் கிட்டே போய்ப் பார்த்தேன். துணி வழியாக ஊற்று கசிந்துகொண்டிருந்தது. கையில் பிடித்தேன், ஒரு பொட்டு மண் இல்லை. சமையல்கட்டுக்கும் ஓடைக்கும் நடுவே கட்டில் போடுகிற இடம் அப்படியே இருந்தது. சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைக் கூப்பிட்டுக் கத்துவது?

அப்போது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் மலர்தான். எங்கள் நாமக்கல் பக்கம் மழை என்று டிவியில் பார்த்தாளாம். எப்போதும் "எப்பம்மா வாரே?" என்று தொடங்குகிறவள், அன்றைக்கு, "அம்மா, கரை இருக்குதா?" என்றாள்.

"இருக்குது சாமி."

"அப்ப நீ வரமாட்டே."

"வரமாட்டேன்."

"சரிம்மா, நனையாம இரு" என்று வைத்துவிட்டாள். நல்ல பிள்ளை. அவள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். கரை இருக்கிறது என்று சொன்ன பிறகு இன்னொரு கேள்வி வர வேண்டும் அல்லவா? எத்தனை வருஷப் பழக்கம்.

அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை அக்கா.

இந்தக் கந்தூரிக்குச் சாதிக் குடும்பத்தோடு நாகூர் போகிறேன். கடலைப் பார்த்து, அந்தத் தொளதொளத்த பைகளையும் பார்த்து, மூட்டை கட்டத் தெரியாத பசங்கள் என்று நாம் பேசியதை உங்களுக்கும் சேர்த்து நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன். இனி மழை பெய்கிற ஒவ்வொரு நாளும், கேட்க ஆள் இல்லாவிட்டாலும், பின்கதவைத் திறந்து சேந்தமங்கலம் இருக்கிற திசையைப் பார்த்துப் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். இன்றைக்கும் மழை. தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இருக்குதுங்க அக்கா.

உங்கள் மலைத் தங்கச்சி,
பாப்பாத்தி