விலகல் கடிதம்

மார்ச் 4, செவ்வாய்

குழாய் சரிசெய்பவர் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னார். வந்தது பதினொன்றே கால். வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

மாலையில் என் பெண் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தாள். குடிநீர் வாரிய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து இனிச் சங்கச் சந்தாவைக் கட்டாயமாகப் பிடிக்கக் கூடாதாம், நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேண்டாதவர்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். பத்தொன்பது வருடமாக அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பிடித்திருக்கிறார்கள்.

"நிறையப் பேர் இருந்துட்டுப் போகட்டும்னுதான் சொல்றாங்க" என்றபடி கை கழுவப் போனாள்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று இந்த வீட்டில் எதையும் விட்டதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

என் கணவரும் அதே வாரியம்தான். நீரேற்று நிலையத்தில் இருந்தார். வேலைநிறுத்தம் வந்தபோது, மருத்துவமனைக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது என்று ஒன்பது நாளும் அவர் மட்டும் வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, பதினோரு வருடம், அவர் சாப்பிட்ட மேசையில் ஒருவரும் உட்காரவில்லை. அவர் இறந்தபோது சங்கத்திலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. இதை அவளுக்கு மறுபடியும் சொன்னேன்.

"தெரியும்மா."

கடிதத்தை நானே எழுதினேன். கன்னியர் பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுத்தந்த சிஸ்டர், சுற்றி வளைத்து எழுதினால் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். நான்கே வரி. கடைசி வரி: "இனி எக்காலத்திலும் சங்கத்தின் உதவியை நாடமாட்டேன்."

"இந்த வரி வேணுமாம்மா?"

"வேணும். அப்பதான் கடிதம் முடிஞ்ச மாதிரி இருக்கும்."

தாளை இன்னொரு முறை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 15, சனி

சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். அலுவலகத்தில் அவருக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயராம். பொருத்தம்தான், பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. செருப்பை மட்டும் ஒழுங்காகச் சுவரோரம் விட்டார்.

"அம்மா, சம்பள உயர்வு வரும்போது உங்க பொண்ணுக்கு மட்டும் வேண்டாம்னு நான் சொல்ல முடியாதே. எல்லாருக்கும் சேர்த்துத்தானே பேசறோம்?"

"உங்களைப் பேசச் சொன்னது யாரு?"

"வாங்கிக்கும்போது இதை யாரும் கேட்கறதில்லம்மா" என்று சிரித்தார்.

விருப்பமில்லாதவரிடம் வாங்கினால் அதற்குப் பெயர் சந்தா இல்லை, அபராதம் என்றேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். என் பெண் அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை.

ஏப்ரல் 2, புதன்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவள் நுழைந்தால், "ஓசி சவாரி வந்தாச்சு, இடம் விடுங்கப்பா" என்கிறார்களாம். தேநீருக்கு அவளைக் கூப்பிடுவதில்லை. சாப்பாட்டைத் தன் மேசையிலேயே சாப்பிடுகிறாள்.

"உங்க அப்பா பொண்ணுதான் நீ" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். அவள் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முழங்கால் வலி. எங்கும் போகவில்லை.

மே 17, சனி

ஆற்றின் அந்தப் பக்கத்துத் தெருக்களில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக நாற்பது பேர் மருத்துவமனையில். பாதிப் பேர் குழந்தைகள். தண்ணீரில் குளோரின் போதவில்லை. பரிசோதனைத் தாளில் மட்டும் அளவு சரியாக இருக்கிறது. தாளின் கீழே என் பெண்ணின் கையெழுத்து.

குளோரின் அளக்கும் கருவி தப்புக் காட்டியிருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்பே மேற்பார்வையாளரிடம் சொன்னாளாம். வாயால் சொன்னாள். எழுதிக் கொடுக்கவில்லை. அவர் இப்போது, "என்கிட்ட எப்ப சொன்னே?" என்கிறார்.

மே 20, செவ்வாய்

சஸ்பெண்ட். விசாரணைக்குச் சங்கத்தின் உறுப்பினர் என்றால் பக்கத்தில் ஒரு சங்கப் பிரதிநிதி உட்காரலாம்; வக்கீலையும் சங்கமே வைக்கும். மற்றவர்கள் தனியாகத்தான் போக வேண்டும்.

வேலை போய்விடுமா? நாற்பத்து மூன்று வயதில் இவளை வேறு யார் எடுப்பார்கள்?

மே 26, திங்கள்

சங்க அலுவலகத்துக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது நிமிடம். இந்த வயதில் முதல்முறையாக ஒருவரிடம் கேட்டு நிற்கிறேன்.

செயலாளர் கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்தார். படித்துக் காட்டவில்லை, என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது உங்க பொண்ணு எழுதினது இல்லைன்னு அன்னைக்கே தெரியும்மா."

அன்று வீட்டில் என் பேச்சைக் கேட்டவர்; தெரியாதா, என் நடை?

"சம்பவம் நடந்த அன்னைக்கு உறுப்பினரா இருந்திருக்கணும். விதி அது. ஒருத்தருக்காக வளைச்சேன்னா, அப்புறம் எல்லாரும் வீடு எரிய ஆரம்பிச்ச பிறகுதான் சந்தா கட்ட வருவாங்க."

"பத்தொன்பது வருஷம் கட்டினாளே. அது எங்க போச்சு?"

குனிந்து மேசையைப் பார்த்தார். "எனக்கும் அது உறுத்துதும்மா" என்றார், ஒலிபெருக்கி என்று சொல்ல முடியாத குரலில். தேநீர் வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வரும் வழியெல்லாம் இதுவே நினைப்பு.

மே 27, செவ்வாய்

யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

"யாரைக் கேட்டுப் போனீங்க? எனக்கு மிச்சமிருந்த மானமும் போச்சு." என் பெண் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. "சந்தா எனக்கு ஒரு பாரமே இல்லம்மா. பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட நாலு பேர் இருந்தாங்க. உங்களுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். அப்பாவுக்காகக்கூட இல்ல, உங்களுக்காக!"

நான் ஏன் அன்றைக்கே அவளைக் கேட்கவில்லை? கேட்காமல் பிடித்தார்கள் என்று அவர்களைச் சொன்னேனே — நான் மட்டும் கேட்டேனா? என்ன பண்ணி வச்சிருக்கேன் நான். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்.

ஜூன் 19, வியாழன்

விசாரணை. நானும் போனேன், தாழ்வாரத்து பெஞ்சு வரைக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் இவள் ஒருத்தி. கதவு சாத்தும்போது பார்த்தேன்.

இரண்டரை மணி நேரம். வெளியே வந்து, "போலாம்மா" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 8, செவ்வாய்

வேலை தப்பியது. பதவி இறக்கம். ஊரைத் தாண்டி வெகு தொலைவில், கடைசி நீரேற்று நிலையத்தில் முறை வேலை. மேற்பார்வையாளருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அவர் உறுப்பினர்.

ஆகஸ்ட் 2, சனி

அங்கேயே ஓர் அறை எடுத்துவிட்டாள். தினமும் நான்கு மணி நேரம் பேருந்தில் போய் வர முடியாதாம். உண்மைதான். அது மட்டும் காரணமில்லை என்பதும் உண்மைதான். இரண்டு பெட்டிகள். துணிகளை நான் மடித்துத் தரப் போனேன். "நானே பாத்துக்கறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒருவருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை இன்னும் பழகவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

தொலைபேசியில் என் பெண். குரல் தேறியிருக்கிறது. பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

"இந்த ஞாயிறு வர முடியாதும்மா. கூட்டம் இருக்கு."

"என்ன கூட்டம்?"

"சங்கக் கூட்டம். போன மாசம் சேர்ந்தேன்."

நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். எழுபத்து நான்கு வயது வரை எதற்கும் சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்திருக்கிறது.

"எப்ப முடியும்?" என்று கேட்டேன்.

"தெரியல. முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போறோம்."

"மழை வரும்போல இருக்கு. குடை எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.