கண் திறக்காத முகங்கள்

14-2-1979
கடை போர்டு ஒன்று எழுதி முடித்தேன். சாயங்காலம், எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற மச்சினன் சுருளி மலையிலிருந்து இறங்கி வந்தான். மேலே எஸ்டேட் பங்களாவைக் காலி செய்துகொண்டு போன மானேஜர் எனக்கென்று ஒரு பெட்டி கொடுத்துவிட்டாராம். உள்ளே ஆயில் கலர் ட்யூப்புகள், கூடவே ஒரு பழைய காலண்டர் தாள். வெளிநாட்டுப் படம். மர நிழலில் வெள்ளை உடுப்புப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் பார்த்தால் வெறும் வர்ணத் தீற்றல். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தால் — வெயில்! ஒரு தாளுக்குள் எப்படியடா வெயிலை வைத்தான்?

சுருளி அதைப் பார்க்கவே இல்லை. "ஊருக்கெல்லாம் வரையிறீங்க, எங்க அக்காவ ஒரு படம் போடலையே மச்சான்" என்றான்.

சோலையம்மாள் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கோயில் சிலைக்கெல்லாம் வர்ணம் பூசி முகம் எழுதுகிறவன் நான். என் பெண்டாட்டி முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. இதை அவனிடம் எப்படிச் சொல்வேன்?

15-2
முதலில் இந்தப் படத்தைப் பார்த்துப் போட்டுப் பழகுவது. பிறகு அவளைப் போடுவது.

3-3
எனாமல் பெயிண்டில் ஊறிய கை. இந்த வர்ணமோ காயவே மாட்டேன் என்கிறது. நேற்று வைத்த பச்சைமேல் இன்று மஞ்சள் வைத்தேன். சேறு. பிரஷை வீசி எறிந்தேன். பிறகு நானேதான் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினேன்.

11-3
அந்த வெள்ளை உடுப்பில் வெள்ளையே இல்லை! நீலம், ஊதா, கொஞ்சம் பச்சை. பொய்யாக இருக்கும் என்று என் வேட்டியைப் புளிய மரத்தடியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். நிழல் விழுந்த இடமெல்லாம் நீலம். இத்தனை வருஷமாக நான் என்னத்தைப் பார்த்தேன்?

வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மொக்கம்மாள், "என்னண்ணே, வேட்டில பேயி கீயி ஒட்டியிருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

29-3
படம் முடிந்த மாதிரிதான். ஆனால் காலண்டரிலேயே அந்தப் பெண்களுக்குக் கண் இல்லை. முகத்தில் ஒரு தீற்றல், அவ்வளவுதான். அச்சடித்தவன் விட்டுவிட்டானா? நம் வழக்கத்தில் கண் திறக்காத உருவத்துக்கு உயிர் கிடையாது. சிலமலைக் கோயிலில் எப்படிச் செய்வேனோ அப்படியே விடியலில் குளித்து, விரதமிருந்து, எதிரே கண்ணாடி வைத்து, என் படத்தில் எல்லோருக்கும் கண் எழுதித் திறந்தேன்.

30-3
கெட்டது. எல்லாரும் என்னையே முறைக்கிறார்கள். மரம் போச்சு, வெயில் போச்சு. அய்யோ, என்ன காரியம்டா பண்ணித் தொலைச்ச!

2-4
காயாத வர்ணம் இன்று கைகொடுத்தது. கத்தியால் சுரண்டி, துணியால் துடைத்தேன். கண் போனதும் வெயில் திரும்பி வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. படம் போட்ட அந்த ஆள் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறான். அவன் நின்ற தூரத்துக்கு அவ்வளவுதான் தெரியும். மகா ஆள்.

9-9
ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது. சுருளியின் ஜீப்பில் மலைக்குப் போனேன். பெண்கள் செடியின் தூரடியில் உட்கார்ந்து காய் பறிக்கிறார்கள். மேலே மரத்து இலைகளில் வடிந்த வெயில் அவர்கள் முதுகில் நகர்கிறது. அதே படம்! நம் மலையிலேயே இருந்திருக்கிறது.

சோலையம்மாளும் சேலைமேல் என் பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இங்கேதான் உட்கார்ந்திருப்பாள். கண்ணை மூடினேன். முகம் வரவில்லை. முதுகு வந்தது. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்கிற சாய்வு வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

28-10
மலையில் பார்த்ததைப் போட்ட படத்தைச் சுவரில் சாத்தி வைத்திருந்தேன். ஏலச்செடிகள், நிழல், நாலைந்து பெண்கள். ஒருத்திக்கும் கண் இல்லை; ஓரத்தில் வெள்ளைச் சட்டைக்காரிக்கு முகமே இல்லை, முதுகுதான். யார் எவர் என்று, வந்த சுருளியிடம் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் இவ்வளவு பாடும் வீண்.

கிட்டே போய்ப் பார்த்தான். "என்ன மச்சான், ஒரே தீத்தலா இருக்கு?"



தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தவன் திரும்பிப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். சொம்பு கையிலேயே இருந்தது, குடிக்கவில்லை. பிறகு சொன்னான்:

"மச்சான்... அக்காவ ஒரே ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க."