இல்லாததைத் தேடும் வேகம்

23.11.2020
பதினெட்டு சதவீதம் வேகம் கூடியிருக்கிறது. சோதனையை மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் அதே பதினெட்டு. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

என் வேலை என்னவென்று அம்மா இன்றும் கேட்டாள். லினக்ஸ் கர்னல் என்று ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். அதனால் எங்கள் ஹார்டுவேர் கடையைக் காட்டினேன். பொருளின் பெயரைச் சொன்னதும் அத்தா எந்த டப்பா என்று தெரிந்து நேராகக் கை வைக்கிறார் இல்லையா, கம்ப்யூட்டரின் அடிமட்டமான கர்னலில் அதைச் செய்வது ஹாஷ் டேபிள். அங்கே தேடும் நேரத்தைக் குறைக்கும் திருத்தம்தான் என் பேட்ச். டப்பாக்களின் எண்ணிக்கையைக் குறைத்தேன். அடிக்கடி கேட்கப்படுவதை ஒவ்வொன்றிலும் மேலே வைத்தேன்.

"இதுக்கா நாலு வருஷம் படிச்ச?" என்றாள்.

27.11
பேட்ச் அனுப்பியாயிற்று. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும் மெயில் குழு. ஏற்றுக்கொண்டால் கர்னலில் என் பெயர் — அஸ்ரின், கள்ளக்குறிச்சி. ஊரையெல்லாம் போட மாட்டார்கள், நானாக நினைத்துக்கொள்கிறேன். சொந்தத்தில் நாலு வீட்டுக்குச் சொல்லியும் விட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

30.11
குழுவின் பொறுப்பாளர் பதில் போட்டார். எண்கள் நன்றாக இருக்கின்றனவாம், ஆட்சேபம் வராவிட்டால் அடுத்த வாரம் சேர்த்துவிடுவாராம். வீட்டில் பிரியாணி.

2.12
இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சரக்கு எடுக்க விழுப்புரம் போன அத்தா சாலை மறியலில் மாட்டிக்கொண்டார். கடையில் நான். பாதிச் சாமான் தீர்ந்துவிட்டது.

வெள்ளிமலையிலிருந்து பெரியநாயகி என்று ஒரு அம்மா வந்தார். முக்கால் இன்ச் வால்வு வேண்டும். வால்வு டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கடைசியில், "இல்லைங்க" என்றேன்.

"இல்லன்னு சொல்றதுக்கா இம்மாம் நேரம்? மலைக்குப் போற பஸ்ஸு போய்டும்மா."

அடுத்த ஆளுக்கும் ஒரு டப்பாவைக் கவிழ்த்தேன். அவர் கேட்டதும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. என் சோதனையில் நான் தேடியதெல்லாம் டேபிளில் இருக்கும் பெயர்களை மட்டும்தானே? இருப்பது பாதியிலேயே கிடைத்துவிடும். இல்லை என்று சொல்ல அடிவரை பார்க்க வேண்டும். நானோ டப்பாக்களைக் குறைத்து ஒவ்வொன்றையும் ரொப்பி வைத்திருக்கிறேன். நானே போட்டு, நானே எடுத்து, நானே சபாஷ் சொல்லிக்கொண்டேனா?

3.12
ஓட்டினேன். இல்லாத பெயரைத் தேடினால் பழையதைவிட முப்பத்தொரு சதவீதம் மெதுவு. என் லேப்டாப்பில் நடக்கும் தேடல்களை எண்ணியும் பார்த்தேன். பத்துத் தேடலில் ஆறு, இல்லாததற்கு.

டீம் லீட் சிவசங்கருக்குப் போன் செய்தேன். மணலூர்பேட்டைக்காரர், அவரும் வீட்டிலிருந்துதான் வேலை.

"அதான் ஓகே சொல்லிட்டாங்களே. யாரும் கேக்கல, நீ ஏன் போய் சொல்லிக்கினு?"

"தப்பாச்சே சார்."

"அப்புறம் உன் இஷ்டம்."

இன்னா பண்றது? நாலு வூட்டுல சொல்லி வெச்சிருக்கேன். சும்மா இருந்துட்டா யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே — சே. அழுதேன். அப்புறம் பசித்தது, நேற்றைய சால்னா மிச்சம் இருந்தது.

4.12
புது எண்களையும் புதுச் சோதனையையும் அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு வரி: என் பேட்சைச் சேர்க்க வேண்டாம்.

9.12
பதில் வந்தது. பேட்ச் வேண்டாமாம். சோதனை வேண்டுமாம்! இந்த டேபிளைத் தொடுகிறவர்கள் எல்லோரும் இனி முதலில் அதை ஓட்ட வேண்டுமாம். கோப்பின் மேலே என் பெயர். பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பேன்.

"இப்ப ஜாஸ்தி வேகமாப் போவுதா?" என்றார் அத்தா.

"இல்ல அத்தா. அதே வேகம்தான்."

"அப்ப எதுக்கு சிரிச்சிக்கினு இருக்க?"

அந்த நாலு வீட்டுக்கும் மறுபடி விளக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

19.2.2021
காலையில் சிவசங்கர் போன். "அஸ்ரின், அந்த டேபிளுக்கு நான் ஒரு பேட்ச் அனுப்பியிருந்தேன்ல, அது உன் டெஸ்டுல வுழுந்துடுச்சு. பன்னெண்டு சதவீதம் மெதுவு. வேற மெஷின்ல ஓட்டினா நல்லாத்தான் வருது, அத மட்டும் சொல்லிடட்டா? இன்னா பண்ணலாம்?"

"உங்க இஷ்டம் சார்" என்றேன். சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

மதியம் குழுவில் அவருடைய மெயில் வந்தது. அந்தப் பன்னிரண்டை முதல் வரியிலேயே போட்டிருந்தார்.