துணைக்கு ஒருவர்

ஒலக்கூர்,
17.9.2025

அன்பு மகள் வேணிக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான், அம்மா, தம்பி பூவரசன் மூவரும் நலம். ஓசூரில் நீ நலமா? போன் என்றால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே. அதனால்தான் எட்டாம் வகுப்புக் கையெழுத்தைத் துணிந்து காட்டுகிறேன்.

தம்பியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு வருவதாகச் சொன்னாயே, அதற்கு முன் இதைப் படி.

அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குத் திண்டிவனத்தில் உள்ள அரசுப் பயிற்சி மையத்தில் அவனைச் சேர்த்தது உனக்குத் தெரியும். முதல் நாள் தேவகி டீச்சர் அவனிடம் பெயர் கேட்டார், நான் சொன்னேன். வயது கேட்டார், அதையும் சொன்னேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றார். கேப்பைக் கூழ் என்று முந்திக்கொண்டேன். பயிற்சி உங்களுக்கா அவருக்காங்க என்று கேட்டு, என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அவன் பேச்சையும் சேர்த்து நானே பேசியிருக்கிறேன். அதான் உங்க வாய் ஓயறதே இல்ல என்கிறாள் உன் அம்மா.

இப்போது சட்டைப் பித்தான் அவனே போடுகிறான். மையத்தில் மல்லாட்டைக் கடலையை நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறான். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் பஸ் பாஸும் கொடுத்தார்கள், அவனுக்கும் துணைக்கு ஒருவருக்கும். அலையவிடுவார்கள் என்று இரண்டு வேளைச் சோறு கட்டிப் போனேன். பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. சோற்றை என்ன செய்வது, இரண்டு வேளையையும் அங்கேயே சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை அவன் தனியாக வரட்டும் என்றார் டீச்சர். சரி என்று தலையாட்டிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸின் பின்படியில் நானும் ஏறினேன். துணைக்கு யாரும் வரலியாப்பா என்று கண்டக்டர் அவனிடம் கேட்டார். பதில் சொல்லிவிடாமல் இருக்கத் துண்டைக் கடித்துக்கொண்டேன். பூவரசன் திரும்பி என்னைக் கை காட்டினான். அது எங்கப்பா, பயப்படுவாரு, நான்தான் கூட்டிக்கினு போறேன் என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நேற்றும் இன்றும் நிஜமாகவே தனியாகப் போய்வந்தான்.

எங்களுக்குப் பிறகு நீதான் என்று எத்தனை முறை உன் தலையில் ஏற்றியிருப்பேன். அதை இன்று இறக்கிவைக்கிறேன். அந்த டீச்சரும் பாஸ் எழுதிக் கொடுத்தவர்களும் நன்றாக இருக்கட்டும்.

வேலையை விடாதே அம்மா. தீபாவளிக்கு லீவு போட்டு வா. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உன் தம்பி நிற்பான். அவனோடு ஏறிக்கொள். பாஸில் துணைக்கு ஒருவர் போகலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாதுரை