அந்தோனியார் மறைச்ச லைற்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
ஒக்டோபர் 14

என்ர அன்பு மகன் றொனால்டுக்கு அம்மா எழுதிறது. ஆண்டவர் புண்ணியத்தில இஞ்ச நானும் கொப்பரும் தங்கச்சி கலிஸ்ராவும் நல்ல சுகம். கொப்பருக்கு முழங்கால் நோ இருக்குது, ஆனால் அது நான் வேலை சொல்லேக்கை மட்டும்தான் நோகிறது. நீயும் பாரிஸ் குளிருக்குள்ள சுகமா இருக்கவேணும் எண்டு செபமாலையில ஒரு பத்து உனக்கெண்டே சொல்லுறன். போன் இருக்கேக்கை உந்த மனிசி ஏன் கடிதம் எழுதுது எண்டு யோசிப்பாய். போனில நான் கதையைத் துடங்க முந்தி நீ முடிவைச் சொல்லிப்போடுவாய், பேந்து வேலைக்கு நேரமாச்சு எண்டு வைச்சுப்போடுவாய். கடிதத்தை அப்பிடி வெட்டேலாது. உன்ர சிநேகிதன் ரூபன்ர தாய் வாற கிழமை அங்க வாறா, அவாவின்ர பையில கருவாட்டோட இதையும் வைச்சு விடுறன். முழுக்க வாசிச்சுப்போட்டுத்தான் நீ வாய் திறக்கவேணும்.

கதை மீன் ஏத்தி விக்கிற எங்கட கூலர் வானைப் பற்றினது. போன மாதம் அது இழுவையில்லாமல் நிண்டதும், புகை பில்டர் அடைச்சுப் போச்சுதெண்டு நான் சொன்னதும் உனக்குத் தெரியும். கொப்பர் இன்னும் அதைச் சைலன்சர் எண்டுதான் சொல்லுறார், நான் அது சைலன்சருக்கு முன்னால இருந்து புகையில வாற கரியைப் பிடிக்கிற பெட்டி எண்டு சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனன். வவுனியாக் கராஜ்காரன் கழட்டிக்கூடப் பாக்காமல் இது சரிவராது, புதுசுதான் போடவேணும் எண்டிட்டான். அதைக் கேட்டவுடன நீ என்ன சொன்னனீ? சரியம்மா, மார்கழி டிக்கெற்றை நிப்பாட்டிப்போட்டு அந்தக் காசுக்குப் பில்டர் எடுப்பம், அடுத்த வருசம் வாறன் எண்டு சொன்னாய். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். வைச்சாப் பிறகு குசினிக்குள்ள போய் நிண்டு அழுதனான். ஒன்பது வருசமா உன்ர முகத்தைப் போனுக்குள்ளதான் பாக்கிறன், இப்ப விசாவும் கையில கிடைச்சு வாற நேரத்தில ஒரு தகரப் பெட்டி வந்து குறுக்க நிக்குது. அப்பவே நினைச்சிட்டன், இதைக் கழுவி எடுக்க ஒரு வழியிருந்தால் நான் புதுசு வாங்க விடமாட்டன் எண்டு.

கொப்பர் ஒரு யோசனை சொன்னார். உள்ளுக்க இருக்கிறதை இடிச்சுக் கொட்டிப்போட்டு வெறும் பெட்டியைப் பூட்டி ஓடுவமாம், ஆரோ கடற்கரையில சொன்னதாம். ரியூசனுக்குப் போற பிள்ளையளின்ர மூஞ்சையில கரும்புகையை அடிச்சுக்கொண்டு நான் மீன் விக்கிறதோ எண்டு கேட்டன், மனிசன் வாயைப் பொத்திக்கொண்டு கிழிஞ்ச வலை பொத்தப் போயிட்டார். பிறகு கலிஸ்ராதான் விசாரிச்சுச் சொன்னாள், மல்லாவியில நிஷாந்தன் எண்டொரு பொடியன் கட்டாரில ஆறு வருசம் இந்தப் பில்டர் கழுவிற வேலை செய்துபோட்டு வந்து சொந்தமாக் கராஜ் போட்டிருக்கிறானாம், மெசினும் வைச்சிருக்கிறானாம். வானை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போனம். அவன் நல்ல பொடியன், ஆனால் வாய்க்குக் கதவில்லை. ஏறி இருந்தவுடன கேட்ட முதல் கேள்வி, அன்ரி, பில்டர் அடைச்சால் மீற்றரில எரியிற லைற் எரியேல்லையோ எண்டு. நானும் போனில உனக்குச் சொன்ன மாதிரியே இல்லைத் தம்பி, ஒருநாளும் எரியேல்லை எண்டன். அவன் குனிஞ்சு பாத்துப்போட்டு, மீற்றர்க் கண்ணாடியில ஒட்டியிருந்த அந்தோனியார் படத்தை நகத்தால மெல்ல உரிச்சான். மகன், அதுக்குக் கீழ லைற் பளிச்செண்டு எரிஞ்சுகொண்டு இருக்குது.

உனக்குப் பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள். அந்த மஞ்சள் லைற் ஆனி மாதத்தில இருந்தே எரிஞ்சது. விடிய ஓடேக்கை கண்ணுக்குள்ள குத்துது எண்டு நான்தான் படத்தை அதுக்கு மேல ஒட்டினனான், அந்தோனியாரும் பாப்பார், கண்ணும் கூசாது எண்டு. அதோட நிண்டனே? மீன் நிறுக்க நிப்பாட்டிற நேரம் சிலவேளை எஞ்சின் தானா உறுமி ஓடும், ஒரு எரிஞ்ச மணமும் வரும். சும்மா நிண்டு டீசல் குடிக்குதெண்டு நான் ஒவ்வொரு தரமும் திறப்பைத் திருப்பி நிப்பாட்டிப்போடுவன். டீசலைப் போத்திலில அளந்து வித்த சண்டைக் காலத்தில இருந்த ஆக்களுக்கு எஞ்சின் சும்மா ஓடினால் நெஞ்சு பதறும், அது உனக்குத் தெரியும்தானே. நிஷாந்தன் தலையில கையை வைச்சான். அப்பதான் அன்ரி அது உள்ள கரியைத் தானே எரிச்சுத் துப்பரவாக்கிறது, நீங்கள் அடுப்பு மூட்ட மூட்டத் தண்ணி ஊத்தியிருக்கிறியள் எண்டான். சந்திக்குச் சந்தி நிண்டு நிண்டு ஓடினால் புதுசு போட்டாலும் வருசத்துக்குள்ள இதே கதிதான் எண்டும் சொன்னான். அந்த வவுனியாக்காரன் இதில ஒண்டையும் கேக்கேல்லைப் பார்.

பிறகு பெட்டியைக் கழட்டி, மெல்லிய வயர் கமராவை உள்ளுக்க விட்டுப் பாத்தான். உள்ளுக்கு வெடிச்சிருந்தாலோ உருகியிருந்தாலோ கழுவிப் பிரயோசனமில்லை, நானே புதுசு போடச் சொல்லுவன் எண்டான். அந்த நேரம் நான் மாதாவைக் கூப்பிட்ட மாதிரி உன்னைப் பெறேக்கையும் கூப்பிடேல்லை. தேன்வதை மாதிரிக் கண்ணெல்லாம் முழுசா இருந்தது, கரிதான் அடைச்சிருந்தது. கழுவலாம் எண்டான். நான் விடுவனே, என்ர மீன் தராசை வானால இறக்கி, முதல் நிறுத்துத் தா எண்டு கேட்டன். ஒன்பது கிலோ அறுநூற்றிநாப்பது. அவன் அதைச் சூளைக்குள்ள வைச்சு எரிச்சுக் காத்தடிச்சு எடுக்க ரெண்டு நாள் போச்சுது. திரும்பவும் அதே தராசில ஏத்தினன், ஒன்பது கிலோ இருநூற்றிப்பத்து. நானூற்றிமுப்பது கிராம் சாம்பலும் கரியும், ஒரு நல்ல பாரைக்குட்டியின்ர நிறை. இருபது வருசமாக் கடை வைச்சிருக்கிறன், அன்ரி மாதிரி ஒரு ஆளைக் காணேல்லை எண்டு பக்கத்துக் கடைக்காரர் சிரிச்சார், சிரிக்கட்டும். மெசினில வைச்சுப் பாத்தாலும் காத்துப் புதுசில போற அளவுக்குக் கிட்டப் போகுதாம். கூலியும் மீன் வித்த காசுக்குள்ளயே முடிஞ்சுது, இப்ப வான் குதிரை மாதிரி இழுக்குது. அந்தோனியாரை வெயில் மறைப்பில ஒட்டியிருக்கிறன்.

ஆனால் நிஷாந்தன் ஒரு கட்டளை போட்டுத்தான் விட்டவன். கிழமைக்கு ஒருக்கால் நிப்பாட்டாமல் நாப்பது நிமிசமாவது ஒரே வேகத்தில ஓடவேணுமாம். நானும் செவ்வாய்க்கிழமைகளில மாங்குளம் வரைக்கும் வெறும் வானோட ஓடிப்போட்டு வாறன், சனம் யூலிற்றாவுக்கு விசர் எண்டு நினைக்குது. இடைக்கிடை நல்ல நீட்டு ஓட்டமும் ஓடினால் இன்னும் நல்லதாம். எனக்குத் தெரிஞ்ச நீட்டு ஓட்டம் ஒண்டுதான், வவுனியா, புத்தளம் தாண்டிக் கட்டுநாயக்கா எயார்போட். மார்கழி பதினெட்டு விடிய நானும் கொப்பரும் அங்க நிப்பம். நீ டிக்கெற்றை நிப்பாட்டினாலும் நான் ஓடுவன், பில்டருக்கு ஓட்டம் வேணும்தானே. வாசலில நிண்டு வாற பிள்ளையள் எல்லாற்ற முகத்தையும் பாத்துப்போட்டு வெறும் வானைத் திருப்பிக்கொண்டு வாறதோ, உன்னை எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில இருத்திக்கொண்டு வாறதோ எண்டது இனி உன்ர கையில.

கருவாட்டில பாதியை ரூபனுக்குக் குடு, தாய்க்காரி தூக்கிக்கொண்டு வாறா. கழுத்துக்குத் துணி சுத்தாமல் வெளிய போகாதை. சூட்கேசைப் பின்னுக்குத்தான் ஏத்தவேணும், மீன் மணக்கும், புது உடுப்பு அதிகம் கொண்டு வராதை. இதை வாசிச்ச உடன டிக்கெற்றைப் படமெடுத்துத் தங்கச்சியின்ர போனுக்கு அனுப்பிவிடு, மறந்துபோகாதை. மாதா உன்னைத் தன்ர முந்தானைக்குள்ள வைச்சுக் காப்பாத்தட்டும், போற வழியெல்லாம் உனக்கு நன்மையே வரட்டும்.

உன்ர வரவுக்கு வானும் கையுமா நிக்கிற
அம்மா
அ. யூலிற்றா