காளான் மாத்திரை தின்ற ஏழு மாதம்

9 ஜூலை 2003, புதன்

ஜேசுராஜுக்கு இன்று காலில் செருப்பு ஏறவில்லை. வாரை அவிழ்த்து, விரல்களை மட்டும் நுழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். முப்பத்தொன்பது வயது ஓவிய ஆசிரியர் செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். "கால் வீங்கியிருக்குன்னு நெனப்பாகம்மா" என்றான்.

உத்தமபாளையம் டாக்டர் மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

சலவையிலிருந்து வந்த துணியில் ஒரு தலையணை உறை குறைகிறது. கேட்க வேண்டும்.

11 ஜூலை, வெள்ளி

மதுரை போய்வந்தோம். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன. ரத்தத்தில் கிரியாட்டினின் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். இவனுக்கு 5.8. பல வருடமாக ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்றார் டாக்டர். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி.

டாக்டர் இளையவர்தான், ஆனால் தெளிவாகப் பேசுகிறார். கையில் சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைத் தயார் செய்துவிட வேண்டும். சில மாதங்களில் டயாலிசிஸ். அதைவிட நல்லது, உடம்பு தெம்பாக இருக்கும்போதே மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிடுவது. நெருங்கிய உறவு கொடுக்கலாம்.

என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அறுபத்தேழு வயது, பதினெட்டு வருடச் சர்க்கரை. ஆகாது என்றார்.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லை. ஒரே பிள்ளை" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். ஜேசுராஜ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

12 ஜூலை

ஒரே பிள்ளை. எப்படி வந்தது வாயில்? யோசித்துச் சொன்னதில்லை. பதினோரு வருடம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியது.

இளையவள் மகிமா போடியில் இருக்கிறாள். தொண்ணூற்றிரண்டில் ஞானதுரையைக் கட்டிக்கொண்டு போனாள். போடி பஜாரில் ஹார்டுவேர் கடை, சி.எஸ்.ஐ. சபை. நம் கத்தோலிக்கக் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், பூசை இல்லாமல் ஒரு கல்யாணம். அடுத்த வருடம் அவள் அப்பா போய்விட்டார். அடக்கத்துக்கு வந்தவளை ஊர் பார்க்க வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினேன். எனக்கு மகள் இல்லை என்று அன்றைக்குச் சொன்ன வாயால், இன்று போய் உன் சிறுநீரகத்தைக் கொடு என்று கேட்பதா?

ஜேசுராஜிடம் பேசிப் பார்த்தேன்.

"நான் கேக்க மாட்டேம்மா. அவ ரெண்டு பிள்ளைக்காரி. நீங்க கேட்டாக் கேளுங்க. கேக்காட்டியும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அவன் சுபாவம்.

20 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து வந்தபோது நல்லகண்ணு வாசலில் நின்றார். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு டப்பா.

"காளானுங்கம்மா. நம்ம வரப்புல மழைக்கு மொளைக்கிறதில்ல, இது வேற சாதி. சீனாவுல ராசாக்கமாரு மட்டும் தின்னாகளாம். ஈரல், கிட்னி, சுகரு, பிரஷரு, எல்லாத்துக்கும் தெம்பு. எங்க வீட்டுக்காரி முழங்கால் வலியில மாடி ஏறாமக் கெடந்தா. இப்ப மாடியில ஏறி நின்னு என்னைய வையிறா."

ஜேசுராஜ் சிரித்தான். எத்தனை நாளாயிற்று. "மாட்டுக்குக் குடுத்துப் பாத்தீகளாண்ணே?"

"மாட்டுக்காரன் எங்கிட்டு வாங்குவான்? அவன் வெவரமான ஆளு" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேண்டாம் என்றேன். படித்துப் பாருங்கள் என்று டப்பாவையும் ஒரு புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போனார். ஆங்கிலப் புத்தகம். "இதை இந்த ஊர்ல படிக்கிறதுக்குக் கான்வெண்டம்மாவை விட்டா யாரு இருக்கா?"

24 ஜூலை

புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். நாற்பது பக்கத்தில் முப்பத்தொரு எழுத்துப் பிழை. நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் இப்படி எழுதியிருந்தால் முட்டி போட வைத்திருப்பார்கள். சிவப்பு மையால் எல்லாவற்றையும் திருத்தினேன்.

இந்தக் காளானில் இருக்கும் ஒரு பொருள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறதாம். இன்னொன்று ஈரலைக் காக்கிறதாம். ஜப்பானில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீரகத்துக்கு முக்கால் பக்கம். டப்பாவின் அடியில் பொடி எழுத்தில், இது உணவுத் துணைப்பொருள், நோயைக் குணப்படுத்துவதற்கு அல்ல என்று போட்டிருக்கிறது. இவ்வளவு நேர்மையாகப் போட்டிருப்பவர்கள் உள்ளே பொய் சொல்வார்களா?

திருத்தி முடித்தபின் வாசித்தால் புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது.

1 ஆகஸ்ட்

இன்று மாத்திரை தொடங்கினோம். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, வெறும் வயிற்றில். ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு. நனைந்த விறகின் வாடை.

கை ஆபரேஷனுக்கு நான்காம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் இதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். "சரிம்மா."

போடிக்குப் போக வேண்டியதில்லை.

6 செப்டம்பர், சனி

5.1!

தேனியில் எடுத்த பரிசோதனை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கால் வீக்கமும் வற்றியிருக்கிறது. உப்பை நானே நிறுத்துப் போடுகிறேன். கறி, மீன், பருப்பு எதுவும் கிடையாது. சோறு, சுரைக்காய், ஆப்பிள் ஒரு துண்டு. ஜேசுராஜ், "ஆஸ்பத்திரிக்காரனே பரவாயில்லை போலருக்கு" என்கிறான். சொல்லட்டும்.

12 அக்டோபர், ஞாயிறு

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் காளான் மாத்திரைக்காரர்களின் கூட்டம். நல்லகண்ணு கூட்டிப்போனார். முந்நூறு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவராக மேடையேறிச் சாட்சி சொல்கிறார்கள் — கண்ணில் புரை போயிற்று, கல்லடைப்புக் கரைந்தது. சபைக்காரர்களைப் போல எழுந்து நின்று சாட்சி சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை. மாட்டேன் என்றுதான் இருந்தேன்.

"நாங்க கத்துறதுக்கு மரியாதை இல்லைம்மா. நீங்க ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

ஏறினேன். தேதி சொன்னேன், இரண்டு எண்களையும் சொன்னேன். குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். மண்டபம் கைதட்டியது.

கீழே இறங்கியதும் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சங்கிலியம்மாள், வீரபாண்டிக்காரி. புருஷனுக்குச் சர்க்கரையில் கால் அழுகுகிறதாம். "காலை எடுக்கணுங்காக. நீங்க சொன்னபெறகுதான் ஆத்தா, எடுக்க வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் வந்துச்சு."

திரும்பி வரும்போது பேருந்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

9 நவம்பர்

4.7. இடுப்பு வாரில் இரண்டு புதுத் துளை போட்டிருக்கிறான்.

மாத்திரைக்காரர்கள் நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். என் படம், ஜேசுராஜ் பெயர், ஊர். மேலே பெரிய எழுத்தில் "பூரண குணம்". நான் சொல்லாத சொல். நல்லகண்ணுவைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். ஆனால் என் இனிஷியலைத் தப்பாகப் போட்டதற்குத்தான் அதிக நேரம் கண்டித்தேன். "அடுத்த தடவை அடிக்கும்போது மாத்திருவம்மா" என்றார்.

25 டிசம்பர்

பூசைக்கு நான் மட்டும் போனேன். அவனுக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் கையால் ஒரு வாழ்த்து அட்டை வரைந்து போடிக்கு அனுப்புவான், தெரியாததுபோல இருந்துவிடுவேன். இந்த வருடம் வரையவில்லை.

14 ஜனவரி 2004

நாலு நாளாக வாந்தி. எதைத் தின்றாலும் இரும்பை நக்குவதுபோல இருக்கிறது என்கிறான். உடம்பெல்லாம் அரிப்பு.

நல்லகண்ணு வந்து பார்த்தார். "கழிவு வெளியேறுதும்மா. நல்ல அறிகுறிதான். புத்தகத்துலயே போட்டிருக்கே." ஆமாம், இருபத்தாறாம் பக்கம். நானே அதில் இரண்டு பிழை திருத்தியிருக்கிறேன். மாத்திரையை ஆறாகக் கூட்டினேன்.

பரிசோதனைக்கு இந்த மாதம் போகவில்லை. இறங்கிக்கொண்டே வரும் எண்ணைக் கலைக்க மனமில்லை.

8 பிப்ரவரி, ஞாயிறு

மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். விடியற்காலையில் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்துவிட்டான். கார் பிடித்து வந்தோம். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் நடக்கிறது. கிரியாட்டினின் 13.

அந்த டாக்டரேதான். இறங்கிய எண்களைக் காட்டினேன். தாள்களை வரிசையாக அடுக்கி, தேதி குறித்து வைத்திருந்தேன். பார்த்தார்.

"எடை என்னம்மா குறைஞ்சிருக்கு?"

"பதினொரு கிலோ. வீக்கம் வற்றியது."

"வீக்கம் மட்டும் இல்லம்மா. சதை கரைஞ்சிருக்கு. சதையிலேருந்து வர்றதுதான் கிரியாட்டினின். ஆளு கரைஞ்சா எண்ணும் குறையும்."

மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"இது நல்லது செய்யுமா கெட்டது செய்யுமான்னு எனக்குத் தெரியாது. ஏழு மாசத் தாமதம் என்ன செய்யும்னு தெரியும்."

10 பிப்ரவரி

பிள்ளை உருகியதைக் குணம் என்று மேடையில் சொல்லியிருக்கிறேன். வீரபாண்டிப் பெண்ணின் முகவரி கூடக் கேட்டு வைக்கவில்லை.

17 பிப்ரவரி, செவ்வாய்

வார்டுக்குள் மகிமா வந்தாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. உடம்பு போட்டிருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். நேரே கட்டிலுக்குப் போய் அவன் காலைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து கைப்பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்து நீட்டினாள்.

"கடைக்கு ஆணி வாங்க வந்த ஆளு குடுத்துட்டுப் போனாரு. பூரண குணம்னு போட்டிருக்கு. என்ன நோவுன்னே எனக்குத் தெரியாது. குணமானதை மட்டும் கடை வாசல்ல வந்து சொல்றாக. ஊர்ல விசாரிச்சேன், இங்கன கெடக்கான்னாக."

நோட்டீஸை வாங்கி மடித்தேன். ஜேசுராஜ்தான், "கோவிச்சுக்கிறாத புள்ள. போட்டோல அம்மா நல்லா விழுந்திருக்காகல்ல?" என்றான்.

"அவுகளுக்கென்ன, எப்பவும் நல்லாத்தான் விழுவாக" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. நர்ஸிடம் அவளே போய், சிறுநீரகம் கொடுக்க என்னென்ன பரிசோதனை என்று விசாரித்தாள்.

5 மார்ச், வெள்ளி

ரத்தம் பொருந்துகிறது. அவள் சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஞானதுரை கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் வணக்கம்.

டாக்டர் கோப்பைப் புரட்டியவர் நிமிர்ந்தார். "ஒரே பிள்ளைன்னு எழுதியிருக்கே? ஜூலையில கேட்டேனே."

மகிமா என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சார் சொன்னேன்" என்றான் ஜேசுராஜ். "தங்கச்சியத் தொந்தரவு பண்ண வேணாம்னு."

நான் வாயைத் திறக்கவில்லை. பேச வேண்டிய இடத்தில் எல்லாம் மூடியே இருக்கிறது இந்த வாய். மூட வேண்டிய இடத்தில்—

26 மார்ச், வெள்ளி

இதய டாக்டர் பார்த்துவிட்டார். இத்தனை நாள் கெட்ட நீரும் அழுத்தமும் தேங்கி இதயம் ஊதிப்போய்விட்டது. அடிக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் அடிக்கிறது. மயக்க மருந்தையே தாங்காது. மாற்றுச் சிறுநீரகம் இனி இல்லை. வாரம் இரண்டு டயாலிசிஸ், முடிகிற வரைக்கும்.

"போன ஆகஸ்டுல எப்படி சார் இருந்திருக்கும்?" என்று மகிமா கேட்டாள்.

"அப்ப இதயம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

2 ஏப்ரல், வெள்ளி

டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் நானும் மகிமாவும் மட்டும். அவள் பாட்டுக்குச் சாத்துக்குடியைத் திருப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கொடுக்கக் கூடாதென்று இப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

சொன்னேன்.

"ஒரே பிள்ளை என்று அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஜூலை பதினொன்று. காலை பத்தரை மணி. யோசிக்காமல் சொன்னேன். அப்புறம் ஏழு மாதம் யோசித்துச் சொல்லாமல் இருந்தேன்."

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தெரியும்மா. அவனுக்குப் பொய் சொல்ல வராது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். கதவு திறக்கும் வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது சொன்னாள்: "இனிமே செவ்வாயும் வெள்ளியும் நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க அலைய வேணாம்."

20 ஏப்ரல், செவ்வாய்

நல்லகண்ணு வந்தார். மீதியிருக்கும் இரண்டு டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் விற்றார், நான் தேடிக்கொண்டிருந்தது அவர் கையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

ஏழு மணிக்கு மகிமாவின் போடி வேன் வந்தது. இரண்டு வாரமாகத் தெருமுக்கில்தான் நிற்கிறது. வாசல் வரை வர இடமிருக்கிறது. ஹாரன் ஒரு முறை. ஜேசுராஜ் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "வர்றேம்மா" என்று இறங்கினான். பிடித்துக்கொள்ளப் போனேன், "அவ பாத்துக்கிருவா" என்றான்.

இங்கிருந்து முக்குக்கு எட்டு வீடு. மூன்று வீட்டுச் சுவரைப் பிடித்து நின்று நின்று போனான். நான்காவது வீட்டருகே மகிமா இறங்கி வந்து அவன் தோளைத் தாங்கிக்கொண்டாள். அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்துவிட்டாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

வேன் திரும்பும் வரை வாசலில் நின்றேன். இருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.