கூரையை அறுத்தவன்

டெவன், இங்கிலாந்து, அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

கையில் பட்ட தீப்புண் ஆறியதா?

அன்று காலை புகைபோக்கியிலிருந்து பொறி விழுந்து கூரை பற்றியபோது நான் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தேன். நீ எப்போது வந்தாய் என்றே தெரியாது. நிமிர்ந்து பார்த்தால், கூரை நடுவே நின்று வைக்கோலை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாய்.

"நல்லா இருக்கற கூரைய ஏண்டா பிய்க்கறே?" என்று கத்தினேன்.

"அடுப்படிப் பக்கம் போச்சுக்கா! இந்தப் பாதியாவது நிக்கட்டும், தள்ளிப் போ!"

நீ அறுத்த இடைவெளி வரை வந்த நெருப்பு அங்கேயே நின்றது. ஐந்நூறு வருஷத்து ஓக் வளைமரங்களில் பாதி தப்பின. மண்சுவர்கள் முழுவதும் தப்பின. நன்றி சொல்லத் திரும்பினேன், நீ போய்விட்டிருந்தாய். அப்பாவை அடக்கம் செய்த வாரம், வீடு யாருக்கு என்ற சண்டையில் இந்த வாசலில் நான் உன்னிடம் சொன்னதை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை. அன்று போனவன், தீப்பிடித்த காலையில்தான் திரும்பி வந்தாய்.

மிஞ்சியது உன் பழைய அறை இருக்கும் பக்கம். அங்கேதான் படுக்கிறேன். மழை பெய்தும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நேற்று கூரை வேயும் ஹெட்லி வந்தார். "புகைபோக்கிய இன்னும் உசத்திக் கட்டணும். உங்க வீடுதானே, சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

"எங்க ரெண்டு பேர் வீடு" என்றேன். "தம்பி வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

அவர் காத்திருக்கிறார். நானும்தான்.

உன் அக்கா